டாம்பாவா, சான் டியேகோவா? வீடு வாங்கும் முன் தட்பவெப்பத்தையும் செலவையும் ஒப்பிடும் முறை

ஜனவரியில் போய்ப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. புளோரிடாவின் டாம்பாவில் பகல் வெப்பம் 21 டிகிரி செல்சியஸ், கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 19. இரவில் 12, 10. கடலும் பனைமரமும் அரைக்கைச் சட்டையும் இரண்டிலும் உண்டு. விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். சான் டியேகோ வட்டாரத்தில் தனி வீட்டின் விலை 10 லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. டாம்பா வட்டாரத்தில் 4 லட்சத்தைச் சுற்றி. இரண்டும் கடற்கரை, இரண்டும் வெயில், விலை பாதிக்கும் கீழே என்று கணக்குப் போட்டு புளோரிடாவுக்கு மூட்டை கட்டுகிறவர்கள் நிறைய.

அந்தக் கணக்கு முழுக்கத் தவறும் இல்லை. ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. சான் டியேகோ தன் செலவில் பெரும்பகுதியை வாங்கும் நாளிலேயே கறந்துவிடும். டாம்பா குறைவாக வாங்கிக்கொண்டு உள்ளே விட்டு, பிறகு ஆண்டுதோறும் கேட்கும். சில ஆண்டுகளில் மொத்தமாகக் கேட்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க மூன்று எண்கள் தேவை: முதல் ஆண்டின் மாதச் செலவு, பத்தாம் ஆண்டில் அது எவ்வளவு ஏறியிருக்கும், ஒரு மோசமான ஆண்டில் கையிலிருந்து எவ்வளவு ரொக்கம் போகும். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றையும் தேடிப் பிடிக்கும் வழிதான்.

கோடையைப் பாருங்கள்

ஆண்டுச் சராசரி வெப்பநிலையை வைத்து ஒப்பிடுவதில் பயன் இல்லை. இரண்டு ஊரையும் பிரிப்பது கோடையும் ஈரப்பதமும். ஜூலையில் டாம்பாவின் பகல் 33 டிகிரி, இரவு 24-25. சான் டியேகோவின் கடலோரத்தில் பகல் 24-25, இரவு 19. அதாவது ஒன்றின் இரவு மற்றதன் பகல்.

காரணம் கடல்நீர். சான் டியேகோவின் கரையோரம் வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் வருகிறது. கோடையிலும் கடல் 20-21 டிகிரிதான். மெக்சிகோ வளைகுடா நீரோ கோடையில் 30 டிகிரியைத் தொடும். காற்று அந்த நீரின் மேல் வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதை அளக்கச் சரியான எண் பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. 'ஈரப்பதம் 80 சதவீதம்' என்ற எண் வெப்பத்தோடு ஏறி இறங்கும், ஏமாற்றும், பனிப்புள்ளி ஏமாற்றாது. 16 டிகிரிக்குக் கீழே இருந்தால் உடம்புக்குத் தெரியாது. 18-ல் கொஞ்சம் ஒட்டும். 21-ஐத் தாண்டினால் புழுக்கம். 24-ல் வேர்வை காயாது. டாம்பாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பனிப்புள்ளி பெரும்பாலும் 22-24. சான் டியேகோவில் ஆகஸ்டிலும் 18-ஐச் சுற்றியே. தேசிய வானிலைச் சேவையின் தரவிலிருந்து அருகிலுள்ள விமான நிலையத்தின் மாதவாரிப் பனிப்புள்ளியை எடுத்து, 21-ஐத் தாண்டும் மாதங்களை எண்ணுங்கள். ஏசி இடைவிடாமல் ஓடும் மாதங்கள் அவைதாம்.

மழை: டாம்பாவில் ஆண்டுக்கு 50 அங்குலம், பாதிக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பருக்குள், பெரும்பாலும் பிற்பகல் இடியோடு. அமெரிக்காவிலேயே மின்னல் மிகுந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. மெயின் பேனலில் முழு வீட்டுக்கான சர்ஜ் பாதுகாப்புக் கருவி இல்லையென்றால் முதல் கோடையிலேயே வையுங்கள். சான் டியேகோவில் ஆண்டுக்கு 10 அங்குலம், அதுவும் நவம்பர் முதல் மார்ச் வரை. மே, ஜூன் மாதங்களில் கடல்மேகம் நண்பகல் வரை வெயிலை மறைத்து நிற்கும்; 'ஜூன் குளூம்' என்பார்கள். வெயிலுக்காகக் கடலோரத்தில் வீடு வாங்கியவர்களுக்கு அது முதல் ஏமாற்றம்.

சான் டியேகோவில் இன்னொன்று கவனிக்க வேண்டும். கரையில் 24 டிகிரி இருக்கும் அதே மதியம் எல் கஹோனிலும் எஸ்கோண்டிடோவிலும் 35 இருக்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று 30 கிலோமீட்டர் உள்ளே போனால் வாங்குவது வேறொரு தட்பவெப்பம். அங்கே ஏசி வேண்டும், காட்டுத்தீ வரைபடமும் பார்க்க வேண்டும். ஊரின் பெயரை வைத்து ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மின்சாரத்தில் ஒரு வேடிக்கை. கலிபோர்னியாவில் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரியாக 30 சென்ட்டுக்கு மேல். சான் டியேகோவில் அதைவிடக் கூடுதல். புளோரிடாவில் 15 சென்ட்டை ஒட்டி. டாம்பாவில் மாதம் 1,300 யூனிட் ஓட்டினால் 195 டாலர். சான் டியேகோவில் 40 சென்ட் வீதம் 500 யூனிட்டுக்கு 200. ஆக, பில் கிட்டத்தட்ட ஒன்றே. சோலார் இருக்கிறதே என்று பழைய கணக்கை நம்ப வேண்டாம்: கலிபோர்னியாவில் 2023 ஏப்ரல் 15 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு, கிரிடுக்குக் கொடுக்கும் மின்சாரத்துக்கான விலை வெகுவாகக் குறைந்துவிட்டது, பேட்டரி இல்லாமல் லாபம் சொற்பம். வீட்டுச் சோலாருக்கான 30 சதவீத மத்திய வரிச் சலுகையும் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஏற்கெனவே சோலார் உள்ள வீடானால் அது சொந்தமா, லீஸா, எந்தக் கட்டணத் திட்டத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

முகவரி கையில் இல்லாமல் ஒப்பீடு இல்லை

ஒவ்வொரு ஊரிலும் மூன்று உண்மையான முகவரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கரைக்குப் பக்கம், ஒன்று நடுவில், ஒன்று உள்ளே. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விற்பனைக்கு இருந்தால் போதும்.

டாம்பா முகவரிகளுக்கு முதலில் ஃபீமாவின் (மத்தியப் பேரிடர் மேலாண்மை முகமை) வெள்ள வரைபடம். வெள்ள அபாயம் மிகுந்த ஏ.இ., வி.இ. மண்டலம் என்றால் கடன் கொடுக்கும் வங்கியே வெள்ளக் காப்பீட்டைக் கட்டாயமாக்கும். எக்ஸ் மண்டலம் என்றால் கட்டாயம் இல்லை. வெள்ளம் வராது என்று அர்த்தமும் இல்லை. இதோடு மாவட்டத்தின் வெளியேற்ற மண்டலத்தையும் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு வரைபடங்கள், பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். வெள்ள மண்டலம் இன்சூரன்ஸுக்காக. ஏ முதல் இ வரையிலான வெளியேற்ற மண்டலம் புயல் அலைக்காக. எக்ஸ் வெள்ள மண்டலத்தில் இருந்துகொண்டே ஏ அல்லது பி வெளியேற்ற மண்டலத்தில் இருக்கும் வீடுகள் உண்டு.

டாம்பா விரிகுடாவை ஒரு பெரும் புயல் நேராகத் தாக்கியது 1921-ல். அதற்குப் பிறகு நூறாண்டு தப்பித்துவிட்டதால் 'இங்கே வராது' என்ற பேச்சு உள்ளூரில் இருந்தது. 2024 செப்டம்பர் 26-ல் ஹெலீன் வெகு தொலைவில், வடக்கே பிக் பெண்ட் பகுதியில்தான் கரையேறியது. இருந்தும் விரிகுடாவைச் சுற்றி 6-7 அடி வரை கடல் ஏறி, தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் புகுந்தது. இரண்டு வாரத்தில், அக்டோபர் 9-ல், மில்டன் சற்றுத் தெற்கே சியெஸ்டா கீயில் கரையேறியது.

அந்தத் தெருக்களில் இப்போது விலை குறைந்து கிடக்கும் வீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. வெள்ள மண்டலத்தில் பழுதுபார்ப்புச் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால், வீட்டை இன்றைய வெள்ள விதிப்படி உயர்த்த வேண்டும் என்பது விதி. நிலத்தின் மதிப்பு இதில் சேராது. 1960-களில் தரையோடு கட்டிய வீட்டில் கட்டட மதிப்பு 1,20,000 டாலர்தான் என்றால், 60,000 டாலர் வேலையிலேயே எல்லை முடிந்தது. அத்தகைய வீட்டை உயர்த்துவது கடினம், செலவும் அதிகம். பல நேரம் இடித்துக் கட்ட வேண்டியிருக்கும். எனவே புதுப் பெயின்ட் அடித்த வீட்டைப் பார்த்தால், நகராட்சியில் அந்த முகவரிக்கு எடுத்த பெர்மிட்டுகளைப் பாருங்கள். பெர்மிட் இல்லாமல் சுவர்ப்பலகை மாற்றியிருந்தால் தலைவலி வாங்குபவருக்குத்தான். 2024 அக்டோபர் 1 முதல் புளோரிடாவில் விற்பவர் வெள்ள இழப்பீட்டு விவரங்களை ஒப்பந்தத்துக்கு முன்பே தனிப் படிவத்தில் சொல்ல வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம்.

சான் டியேகோ முகவரிகளுக்குப் பார்க்க வேண்டியவை மாநிலத் தீயணைப்புத் துறையின் தீ அபாய வரைபடமும் நிலப்பிளவு வரைபடமும். விற்பவர் தரும் இயற்கை அபாய அறிக்கையில் இரண்டும் இருக்கும். ஆனால் அது கைக்கு வரும்போது விலை பேசி முடிந்திருக்கும். முன்பே நீங்களே பாருங்கள். செங்குத்துக் கரை மேல் கடலைப் பார்த்த வீடானால் அரிப்பு இன்னொரு தனிக் கேள்வி: தடுப்புச் சுவர் கட்ட மாநிலக் கடற்கரை ஆணையத்தின் அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை.

இன்சூரன்ஸை விலை பேசும் முன்பே கேளுங்கள்

இந்த ஒப்பீட்டில் அதிகம் பிழையாவது இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் மாநிலச் சராசரிப் பிரீமியம் எதற்கும் உதவாது. ஒரே தெருவில் 2002-க்கு முன் கட்டிய வீட்டுக்கும் பின் கட்டிய வீட்டுக்கும் பிரீமியம் இரண்டு மடங்கு வேறுபடலாம். ஆண்ட்ரூ புயல் 1992-ல் தெற்கு புளோரிடாவைச் சிதைத்த பிறகு எழுதிய மாநிலம் தழுவிய கட்டட விதி 2002 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. புளோரிடா வீட்டுப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது கட்டிய ஆண்டு, அடுத்தது கூரையின் வயது. படுக்கையறை எத்தனை என்பதெல்லாம் பிறகு.

கூரைக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். புளோரிடா வெயிலில் ஷிங்கிள் கூரை 15-20 ஆண்டு தாங்கும். 15 ஆண்டுக்குக் குறைவான கூரையை வயதை மட்டும் காட்டி நிறுவனங்கள் மறுக்கக் கூடாது என்று 2022-ல் சட்டம் வந்தது. 15-ஐத் தாண்டினால், இன்னும் 5 ஆண்டு தாங்கும் என்று இன்ஸ்பெக்டர் எழுதித் தர வேண்டும். ஆக 13 வயதுக் கூரையோடு வாங்கினால் இரண்டே ஆண்டில் அந்தக் கேள்வி உங்களிடம் வரும். கூரை மாற்றும் செலவை வீட்டு விலையோடு இப்போதே கூட்டிவிடுங்கள்.

பழைய வீட்டுக்கு இரண்டு அறிக்கைகள் தேவை. ஒன்று, கூரை, மின்சாரம், குழாய், ஏசி நான்கையும் பார்க்கும் 'ஃபோர் பாயின்ட்'. இதில் வீடு விழுவது பெரும்பாலும் குழாயால்: 1978 முதல் 1995 வரை போட்ட சாம்பல் நிறப் பாலிபியூட்டிலின் குழாய் இருந்தால் பல நிறுவனங்கள் தொடவே தொடாது. மற்றொன்று 'விண்ட் மிட்டிகேஷன்' அறிக்கை. இதற்கு 100 டாலர் அளவில்தான் செலவு, ஐந்து ஆண்டு செல்லும், பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அதைப் பல மடங்கு திருப்பித் தரும். இன்ஸ்பெக்டர் பரண் மேல் ஏறி, கூரைச் சட்டத்தைச் சுவரோடு கட்டும் உலோகப் பட்டையைப் படம் எடுப்பார். ஆணி சாய்வாக அடித்து மட்டும் விட்டிருந்தால் தள்ளுபடி இல்லை. பட்டையில் குறைந்தது மூன்று ஆணி இருந்தால் 'கிளிப்'. சட்டத்தின் மேலே சுற்றிவந்து மறுபக்கமும் ஆணி அடித்திருந்தால் இன்னும் மேலே. பழைய வீடுகளில் இரண்டே ஆணி அடித்த பட்டைகள் சகஜம். விடுபட்ட மூன்றாவது ஆணியை அடிக்கச் சில நூறு டாலர் ஆகலாம், தள்ளுபடி ஆண்டுதோறும் வரும். ஜன்னல் கவசத்தில் நேர்மாறு: கராஜ் கதவோ ஒரே ஒரு கண்ணாடியோ விடுபட்டாலும் 'எல்லாத் திறப்பும் பாதுகாக்கப்பட்டது' என்ற தள்ளுபடி மொத்தமும் போகும். பட்டியலில் 'ஹரிகேன் ஜன்னல் உண்டு' என்று போட்டிருந்தால் எண்ணிப் பாருங்கள்.

டிடக்டிபிளை, அதாவது காப்பீடு பேசும் முன் நீங்களே ஏற்க வேண்டிய தொகையை, தவறாகப் படிப்பவர்கள் அதிகம். புளோரிடாவில் புயலுக்குத் தனி டிடக்டிபிள். 500 டாலர் அல்லது 2, 5, 10 சதவீதம் என்று தேர்வு கொடுப்பார்கள். சதவீதம் என்பது இழப்பின் சதவீதம் அல்ல, கட்டடக் காப்பீட்டுத் தொகையின் சதவீதம். 3,60,000 டாலர் கட்டடக் காப்பீட்டில் 2 சதவீதம் 7,200. 5 சதவீதம் 18,000. கூரையில் 17,000 டாலர் சேதம் என்றால் 5 சதவீதக்காரருக்கு ஒரு சென்ட்டும் வராது. புதிய சேதத்தை ஓராண்டுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வீட்டுக் காப்பீட்டில் சேராது. மத்திய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கட்டடத்துக்கு 2,50,000, பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை. வாங்கி 30 நாள் கழித்தே செல்லுபடி (வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் காத்திருப்பு இல்லை). விற்பவரிடம் ஏற்கெனவே அந்தத் திட்டத்தின் பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தரக் கேளுங்கள். பழைய குறைந்த பிரீமியத்திலிருந்து ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் மெல்ல உயரும் சலுகை பாலிசியோடு வரும். புதிதாக எடுத்தால் முதல் நாளே முழு விலை.

தனியார் யாரும் எழுதவில்லையென்றால் மாநிலத்தின் சிட்டிசன்ஸ் நிறுவனம் இருக்கிறது. தனியார் விலை அதைவிட 20 சதவீதத்துக்குள் இருந்தால் அங்கே இடம் கிடைக்காது. எடுத்தால் வெள்ளக் காப்பீடும் எடுக்க வேண்டும். படிப்படியாக வந்த இந்த விதி 2027 ஜனவரியில் வீட்டு பாலிசிதாரர்கள் எல்லாருக்கும் பொருந்தும். பெரும்புயலுக்குப் பின் அதன் நிதி தீர்ந்தால் கூடுதல் கட்டணமும் வசூலிக்கலாம்.

சான் டியேகோவில் புயல் இல்லை. தீயும் நிலநடுக்கமும் உண்டு. 2023-ல் பெரிய நிறுவனங்கள் சில கலிபோர்னியாவில் புதிய வீட்டு பாலிசி எழுதுவதை நிறுத்தின. 2025 ஜனவரி 7-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்கள் பிடித்த பிறகு நிலைமை இன்னும் இறுகியது. யாரும் எழுதாவிட்டால் கடைசிப் புகலிடம் ஃபேர் பிளான் என்ற காப்பீட்டுத் திட்டம். அதில் தீ, புகை, மின்னல் போன்றவைதான் அடங்கும். திருட்டு, குழாய் உடைப்பு, பிறர் தொடுக்கும் வழக்கு ஆகியவற்றுக்கு இன்னொரு துணை பாலிசி வேண்டும். கொட்டேஷன் ஒப்பிடும்போது ஃபேர் பிளான் தொகையை மட்டும் எழுதிக்கொண்டு 'பரவாயில்லையே' என்று நினைப்பது வழக்கமான பிழை. கடலுக்கு நாலைந்து கிலோமீட்டருக்குள், பள்ளத்தாக்கு விளிம்பை ஒட்டாத தெருவில் இந்தச் சிக்கல் பெரிதாக இருக்காது. பின்புறம் புதர் மண்டிய பள்ளத்தாக்கைப் பார்த்த வீடுகளில்தான் சிக்கல், சோகம் என்னவென்றால் அந்தக் காட்சிக்காகத்தான் கூடுதல் விலையே.

சான்டா அனா காற்று உள்நாட்டிலிருந்து வறண்டு வீசும் நாள்களில் தீக்கொழுந்துக்கு முன்பே பொறிகள் பறந்து வரும். அவை வீட்டுக்குள் போவது பரண் காற்றுத்துளை வழியாக, இறவாணத்தில் வளைவோட்டின் திறந்த வாய் வழியாக, சுவரை ஒட்டிய மரப்பட்டைத் தூள் வழியாக. துளைகளுக்கு எட்டில் ஒரு அங்குலக் கண்ணுள்ள உலோக வலை, ஓட்டின் வாய்க்கு அடைப்பு, சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியும் பொருள் எதுவும் இல்லாமை: இவை செய்திருந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி கேட்க மாநில விதி இடம் தருகிறது.

நிலநடுக்கமும் வீட்டுக் காப்பீட்டில் சேராது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பின் உருவான மாநில ஆணையத்தின் பாலிசியில் டிடக்டிபிள் 5 முதல் 25 சதவீதம். 7,20,000 டாலர் கட்டடத்துக்கு 15 சதவீதம் என்றால் 1,08,000 டாலர் உங்கள் கையிலிருந்து போன பிறகுதான் காப்பீடு பேசும். அடியோடு சாய்ந்தால் காப்பாற்றும், விரிசலுக்கு உதவாது. 1980-க்கு முன் கட்டிய, தரைக்கு மேல் மரச்சட்டத்தில் நிற்கும் வீடானால் அந்தப் பிரீமியத்துக்கு முன் அடித்தளத்தைப் போல்ட் போட்டு இறுக்குவது நல்ல முதலீடு. தகுதியான வீடுகளுக்கு மாநில மானியமும் உண்டு.

சொத்து வரி: விற்பவரின் பில் உங்களுடையது அல்ல

இரண்டு மாநிலத்திலும் பட்டியலில் காட்டும் வரி விற்பவருடையது. இரண்டிலும் அது உங்களுக்குப் பொருந்தாது.

கலிபோர்னியாவில் 1978-ல் மக்கள் வாக்களித்த 13-ஆவது முன்மொழிவுப்படி அடிப்படை வரி வாங்கிய விலையில் 1 சதவீதம், மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. உள்ளூர்ப் பத்திரக் கடன்கள் சேர்ந்து 1.1-1.25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். புதுக் குடியிருப்புகளில் இதன் மேல், சாலை, பள்ளி போன்ற வசதிகளுக்கான 'மெல்லோ-ரூஸ்' வரி ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் வரும். வரி பில்லில் தனி வரியாக இருக்கும், எந்த ஆண்டு முடிகிறது என்று கேளுங்கள். வாங்கிய சில மாதங்களில் ஒரு துணை பில்லும் வரும்: விற்பவரின் மதிப்பு 3 லட்சம், நீங்கள் வாங்கியது 10 லட்சம் என்றால், 7 லட்சம் வித்தியாசத்துக்கு அந்த நிதியாண்டில் மீதமுள்ள மாதங்களின் வரி. இது பொதுவாக எஸ்க்ரோவில் (தவணையோடு வரியையும் காப்பீட்டையும் வாங்கி வைத்துக் கடன் நிறுவனமே கட்டும் கணக்கு) கட்டப்படாது, நேரே உங்கள் தபால்பெட்டிக்கு வரும்.

புளோரிடாவில் சொந்தமாகக் குடியிருப்பவருக்கு மதிப்பு உயர்வு ஆண்டுக்கு 3 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, எது குறைவோ அது. விற்றதும் அடுத்த ஜனவரி 1-ல் சந்தை மதிப்புக்குத் தாவும். இருபத்தைந்து ஆண்டு இருந்தவர் 2,400 டாலர் கட்டிய வீட்டுக்கு நீங்கள் 7,000-க்கு மேல் கட்டுவது சாதாரணம். மாவட்ட மதிப்பீட்டாளரின் இணையதளத்தில் உள்ள கணக்கீட்டுக் கருவியில் வாங்கும் விலையைப் போட்டுப் பாருங்கள். குடியிருப்போர் விலக்கு சுமார் 50,000 டாலர். மார்ச் 1-க்குள் விண்ணப்பிக்காவிட்டால் அந்த ஆண்டுக்குப் போயிற்று. வாடகைக்கு விட வாங்குகிறீர்கள் என்றால் 3 சதவீதப் பாதுகாப்பு இல்லை, உச்சவரம்பு 10 சதவீதம். புது லேஅவுட்டில், அதன் சாலை, வடிகால் போன்ற வசதிகளுக்கான சி.டி.டி. கட்டணம் என்று ஒன்று பில்லின் அடியில் இருக்கும். அது மதிப்பைப் பொறுத்தது அல்ல, விலக்கும் கிடையாது. பில் நவம்பரில் வரும். அந்த மாதமே கட்டினால் 4 சதவீதம் தள்ளுபடி.

வருமான வரியை மறக்க வேண்டாம். புளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் தம்பதி கலிபோர்னியாவுக்குச் சுமார் 10,000 டாலர் கட்டுவார்கள். மாநில, உள்ளூர் வரிகளுக்கான மத்தியக் கழிவின் வரம்பு 2025-ல் 10,000-லிருந்து 40,000 டாலராக உயர்ந்ததால் அதில் ஒரு பகுதி இப்போது திரும்பக் கிடைக்கும். பழைய ஒப்பீட்டுத் தாள்களில் இது இருக்காது.

காண்டோ வாங்குகிறீர்களா

2021 ஜூன் 24-ல் சர்ஃப்சைடில் சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் இடிந்து 98 பேர் இறந்த பிறகு, புளோரிடாவில் மூன்று தளமோ அதற்கு மேலோ உள்ள காண்டோக்கள் (அடுக்குமாடிக் குடியிருப்புகள்) 30 ஆண்டில் கட்டமைப்புச் சோதனை செய்ய வேண்டும். கரையோரத்தில் 25 ஆண்டிலேயே கேட்கலாம். பழுதுக்கான சேமிப்பு நிதியையும் முன்போல ஓட்டுப் போட்டுத் தள்ளிவைக்க முடியாது. 40 வயதுக் கட்டடத்தில் கடல் பார்த்த வீடு மலிவாகக் கிடைத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சோதனை அறிக்கை, சேமிப்பு நிதி ஆய்வு, கடைசி இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகள் மூன்றையும் வாங்குங்கள். வரப்போகும் சிறப்பு வசூல் கூட்டக் குறிப்பில்தான் முதலில் தெரியும். கலிபோர்னியாவில் இதற்கு இணை பால்கனிச் சோதனை: மர அமைப்பில் தாங்கும் பால்கனிகளை 2025 ஜனவரி 1-க்குள் முதல் முறையும் பிறகு 9 ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். செய்தார்களா என்று கேளுங்கள்.

பராமரிப்பை வீட்டு விலையில் கணக்கிடாதீர்கள்

'விலையில் 1 சதவீதம் ஆண்டுக்குப் பராமரிப்பு' என்ற வாய்ப்பாடு இந்த இரண்டு ஊரையும் ஒப்பிடும்போது உடைந்துவிடும். சான் டியேகோவில் விலையில் பெரும்பகுதி நிலம். நிலத்துக்குக் கூரை மாற்ற வேண்டியதில்லை. மறுகட்டுமானச் செலவில் கணக்கிடுங்கள்: டாம்பாவுக்கு 1.5 சதவீதம், சான் டியேகோவுக்கு 1 சதவீதம். இன்சூரன்ஸ் கொட்டேஷனில் உள்ள கட்டடத் தொகையே இதற்குப் போதுமான எண்.

டாம்பாவில் கூடுதலாக வைப்பதற்குக் காரணம் உப்பும் ஈரமும். கடலருகே ஏசியின் வெளி யூனிட் பத்தாண்டைத் தாண்டுவதே அரிது. சுருளின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். ஏசி வாங்கும்போது பெரியதாகப் போடு என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அளவுக்கு மீறிய ஏசி சீக்கிரம் குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்காது. 23 டிகிரியிலும் சுவரில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள் ஈரப்பதம் 50-55 சதவீதத்தில் நிற்க வேண்டும், இருபது டாலர் மானி ஒன்று வைத்துப் பாருங்கள். தண்ணீர் வடியும் குழாயில் பாசி அடைத்துத் தட்டு நிரம்பி வழிவது கோடையின் அன்றாடக் கதை: உள் யூனிட் பக்கத்து வெள்ளைக் குழாயின் மூடியைத் திறந்து மாதம் ஒரு கப் வினிகர் ஊற்றினால் தீரும். நிரம்பினால் ஏசியை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரையான் இரண்டு ஊரிலும் உண்டு. தனிச் சோதனை இல்லாமல் எங்கும் வாங்காதீர்கள்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

இது மாதிரிக் கணக்கு. உங்கள் கொட்டேஷன்கள் வந்ததும் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். டாம்பா வீடு 4,50,000 டாலர், சான் டியேகோ வீடு 10,00,000. முன்பணம் 20 சதவீதம், 30 ஆண்டுக் கடன், வட்டி 6.5.

டாம்பா: தவணை 2,275. வரி ஆயிரத்துக்கு 18 வீதம், விலக்கு போக ஆண்டுக்கு 7,200, மாதம் 600. வீட்டுக் காப்பீடு 5,000-உம் வெள்ளம் 1,200-உம் சேர்ந்து மாதம் 517. மின்சாரம் 195. பராமரிப்பு, 3,60,000 மறுகட்டுமானத்தில் 1.5 சதவீதம், மாதம் 450. மொத்தம் 4,037.

சான் டியேகோ: தவணை 5,057. வரி 1.15 சதவீதம், மாதம் 958. வீட்டுக் காப்பீடு 2,200-உம் நிலநடுக்கம் 1,200-உம் சேர்ந்து மாதம் 283. மின்சாரம் 200. பராமரிப்பு, 7,20,000-இல் 1 சதவீதம், மாதம் 600. மொத்தம் 7,098. மாநில வருமான வரியைக் கூட்டினால் 7,900-ஐத் தாண்டும்.

பத்தாம் ஆண்டு: காப்பீடு இரண்டு ஊரிலும் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால் டாம்பாவில் 6,200 என்பது 14,600-ஐத் தாண்டும், வரி 3 சதவீதம் வீதம் ஏறி 9,400-ஐ ஒட்டும். இரண்டும் சேர்ந்து மாதச் செலவில் கிட்டத்தட்ட 900 டாலர் ஏற்றம். சான் டியேகோவில் அதே கணக்கில் ஏற்றம் 570 அளவில்தான். அப்படியும் டாம்பாவே மலிவு, அதில் சந்தேகமில்லை.

ஆனால் மோசமான ஆண்டு என்ற மூன்றாவது எண் பாக்கி இருக்கிறது. 18,000 புயல் டிடக்டிபிள், காப்பீடு முழுதும் தராத கூரைக்கு ஒரு தொகை, வெள்ள பாலிசியின் டிடக்டிபிள், வீட்டில் இருக்க முடியாத மாதங்களுக்கு வாடகை (மத்திய வெள்ள பாலிசி இதைத் தராது). 40,000 டாலர் எளிதில் ஆகும். சான் டியேகோவின் மோசமான ஆண்டு இதைவிடப் பெரியது, ஆனால் அரிது. டாம்பாவில் வீட்டுக்கடன் கட்டும் ஆயுளில் ஒரு முறையாவது வரும் என்று வைத்தே திட்டமிட வேண்டும். ஆகவே எங்கள் பரிந்துரை நேரானது: மாத வித்தியாசத்தில் முதல் 40,000 டாலரைத் தொடாமல் தனிக் கணக்கில் சேர்க்க முடிந்தால் டாம்பா வாங்குங்கள். சேமிப்பை முன்பணத்திலேயே கரைத்துவிட்டு வாங்கும் நிலை என்றால் மலிவு என்பது தாளில் மட்டுமே. ஓராண்டு வாடகையில் இருந்து பாருங்கள், கோடையும் புயல் மாதங்களும் அதில் வந்துவிடும்.

ஒப்பந்தம் போட்ட பிறகு

கலிபோர்னியாவின் வழக்கமான படிவத்தில் சோதனைக்கு 17 நாள், புளோரிடாவில் 15 நாள். பேச்சில் இதைச் சுருக்கக் கேட்பார்கள். முதல் மூன்று நாளுக்குள் இன்சூரன்ஸ் கொட்டேஷன் எழுத்தில் வரவேண்டும். வீட்டுச் சோதனை அதற்குப் பிறகு நடந்தாலும் தவறில்லை, ஏனென்றால் காப்பீடு கிடைக்காத வீட்டுக்குக் கடனும் கிடைக்காது. புளோரிடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை பதிவு நாள் வைத்தால் பாலிசியை ஒரு வாரம் முன்பே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: பெயரிட்ட புயல் நெருங்கியதும் நிறுவனங்கள் புதிய பாலிசி எழுதுவதை நிறுத்திவிடும், பதிவு தள்ளிப்போகும், வட்டி உறுதி செய்த காலம் முடிந்துபோகும்.

முதல் ஆண்டு எஸ்க்ரோ பெரும்பாலும் விற்பவரின் பழைய வரியை வைத்தே கணக்கிடப்படும். இரண்டாம் ஆண்டில் பற்றாக்குறையையும் புதிய வரியையும் சேர்த்து வசூலிக்கும்போது தவணை 400-500 டாலர் குதிப்பதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். சரியான வரித் தொகையைக் கடன் நிறுவனத்துக்குப் பதிவு நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்து, எஸ்க்ரோவை அதன்படி அமைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வித்தியாசத்தை மாதாமாதம் நீங்களே ஒதுக்கி வையுங்கள்.